பழைய சீனச் செதுக்கு அரக்கு ஜாடி வாங்கப் போகிறீர்களா? படத்தைப் படிப்பது முதல் பெட்டியைப் பிரிப்பது வரை

சிவப்பு நிறத்தில், உடம்பெல்லாம் செதுக்கலோடு இருக்கும் பழைய சீன ஜாடி ஒன்றை முதல் முறையாக வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் விசாரிக்கத் தொடங்கியபோது எல்லாரும் வயதையும் அடியில் இருக்கும் முத்திரையையும் பற்றித்தான் பேசினார்கள். வௌவாலும் பீச் பழமும் டிராகனும் ஏன் இருக்கின்றன என்று கேட்டால் "எல்லாம் ராசியான சின்னங்கள்" என்பதோடு சரி. காகிதங்கள் விஷயத்தில் ஒருவர் சொன்னதும் மற்றவர் சொன்னதும் ஒத்துப்போகவே இல்லை. ஒவ்வொன்றையும் தேடித் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

என் அனுபவத்தில் சரியான வரிசை இதுதான்: முதலில் படம், அடுத்து உடம்பு, கடைசியில் முத்திரை. கடைக்காரர் இதைத் தலைகீழாகக் காட்டுவார். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

1. எதை வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊர் அரக்கு பூச்சியிலிருந்து வருவது. சீன அரக்கு மரத்தைக் கீறி எடுக்கும் பால். அதைத் துளித்துளியாகச் சேர்த்து, வடிகட்டி, மரத்தாலோ செம்பாலோ செய்த உருவத்தின் மேல் மெல்லிய பூச்சாகப் பூசுகிறார்கள். அது காற்றில் வெறுமனே உலர்வதில்லை. இளஞ்சூடும் நல்ல ஈரப்பதமும் உள்ள அறையில்தான் இறுகும். ஒரு பூச்சு இறுகிய பிறகே அடுத்தது. இப்படிப் பல பத்து பூச்சுகள், நல்ல வேலையில் நூறைத் தாண்டியும் போகும். பூசுவதற்கே மாதக்கணக்கில் ஆகிவிடும். அந்தத் தடிமனைத்தான் கத்தியால் வெட்டிச் செதுக்குகிறார்கள்.

சிவப்பு வருவது சின்னபார் என்ற பாதரச சல்ஃபைடு தாதுவிலிருந்து. ஜாடியை வைத்திருப்பதால் ஆபத்து இல்லை. ஆனால் உரசுவதும் மணல்தாள் போடுவதும் கூடவே கூடாது.

பட்டியல்களில் மூன்று பெயர்கள் அடிக்கடி வரும். முழுச் சிவப்பு என்றால் டிஹோங். பல நிறப் பூச்சுகளை அடுக்கி, வேண்டிய ஆழத்துக்கு வெட்டி ஒவ்வொரு நிறத்தையும் வெளிக்கொண்டு வருவது டிட்சாய். இரண்டு மூன்று நிறங்களை மாற்றி மாற்றி அடுக்கி, சுருள் வடிவில் ஆழமாக வெட்டுவது டிஷி. வெட்டின் சரிவில் கறுப்பும் சிவப்பும் கோடு கோடாகத் தெரியும். சின்னங்களைப் படிக்க விரும்புகிறவர்கள் முதல் இரண்டில் தொடங்குங்கள். டிஷியில் பெரும்பாலும் சுருள் மட்டுமே இருக்கும்.

2. படத்தைப் படியுங்கள்

இங்கே அவசரம் வேண்டாம். சீன மங்கலச் சின்னங்களில் பாதிக்கு மேல் ஒலி ஒற்றுமையில் நிற்கின்றன. ஒரு பொருளின் பெயரும் ஒரு நல்ல விஷயத்தின் பெயரும் ஒரே மாதிரி ஒலித்தால், அந்தப் பொருளை வரைந்தாலே வாழ்த்துச் சொன்னதாகிவிடும். இது தெரியாமல் பார்த்தால் பூவும் பறவையும் மட்டும்தான் தெரியும்.

முதலில் வடிவம். ஜாடிக்குச் சீனத்தில் பிங். அமைதிக்கும் பிங் என்றே ஒலி. ஆகவே ஒன்றுமே செதுக்காத ஜாடியும் ஒரு வாழ்த்துதான். ஜாடி வடிவத்திலேயே சுரைக்காய் போல இரட்டை வயிறு இருந்தால், அது நிறைய விதை, நிறைய பிள்ளைகள் என்ற பொருளையும் சேர்த்துக்கொள்கிறது. சுரைக்காயின் பெயரான ஹூலூ, பாக்கியம், பதவி இரண்டையும் குறிக்கும் ஃபூலூ என்ற ஒலிக்கு அருகில் வருவதும் ஒரு காரணம்.

அடுத்து முக்கிய உருவம். இவற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பத்தில் எட்டு ஜாடிக்கு இவை போதும்:

வௌவால் – ஃபூ. பாக்கியத்துக்கும் ஃபூ. ஐந்து வௌவால் என்றால் ஐந்து பாக்கியங்கள்: நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலமும் நிம்மதியும், அறத்தில் நாட்டம், காலம் நிறைந்த நல்ல சாவு. நம்மிடம் வௌவாலுக்கு நல்ல பெயர் கிடையாது. அதனால் முதலில் பார்க்கும்போது கண் அதைத் தாண்டிப் போய்விடும். தேடிப் பாருங்கள். மேகச் சுருளுக்குள் சிறகு விரித்து ஒளிந்திருக்கும்.

பீச் பழம் – ஆயுள். சீனப் புராணத்தில் வரும் மேற்கு ராணித்தாயின் தோட்டத்தில் மூவாயிரம் ஆண்டுக்கு ஒரு முறை பழுக்கும் பழம் என்ற நம்பிக்கையிலிருந்து வருவது. இதனுடன் மாதுளையும், புத்தர் கை எனப்படும் விரல் விரலான எலுமிச்சையும் சேர்ந்தால் 'மூன்று நிறைவுகள்': ஆயுள், பிள்ளைகள், பாக்கியம்.

மான் – லூ, அரசாங்கச் சம்பளமும் பதவியும். கொக்கு, பைன் மரம், லிங்ஜி காளான் – மூன்றும் ஆயுள். பியோனிப் பூ – செல்வமும் அந்தஸ்தும். மீன் – யூ, மிச்சம். தாமரை – லியென், தொடர்ச்சி. தாமரையும் மீனும் ஒன்றாக இருந்தால் ஆண்டுதோறும் கையில் மிச்சம் இருக்கட்டும் என்ற வாழ்த்து. பிளம் கிளையில் மேக்பை பறவை – மகிழ்ச்சி வாசலுக்கு வருகிறது. செதுக்கிய படத்திலேயே ஒரு ஜாடி இருந்து, அதில் மூன்று ஈட்டிகள் நிறுத்தியிருந்தால் மூன்று படி பதவி உயர்வு. யானை முதுகில் ஜாடி என்றால் நாட்டில் அமைதி நிலவுகிறது என்று பொருள்.

எட்டு புத்தச் சின்னங்கள் நமக்கு எளிது, ஏனென்றால் அவை இந்தியாவின் அஷ்டமங்கலத்திலிருந்து போனவை: சக்கரம், சங்கு, குடை, கொடி, தாமரை, கலசம், இரட்டை மீன், முடிவில்லா முடிச்சு. எட்டும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். ஆறோ ஏழோ இருந்தால், ஒரு பகுதி உடைந்து மறுபடி செதுக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

அப்புறம் பின்னணி. புதியவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. மிங் (1368–1644), அதற்கு அடுத்த சிங் (1911 வரை) என்ற இரண்டு அரச வம்சக் காலங்களின் தரமான வேலைகளில் காட்சிக்குப் பின்னால் சின்னச் சின்னக் கட்டங்கள் ஓடும். நிலக்காட்சி என்றால் மூன்று விதம்: வானத்துக்குக் கிடைக்கோட்டு வடிவம், நீருக்கு அலை, நிலத்துக்குப் பூப்போட்ட சாய்சதுரம். வானமும் நீரும் தொடும் இடத்தில் இந்த வடிவம் மாறுவதைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். நல்ல வேலையில் அந்த எல்லை சுத்தமாக இருக்கும். அவசர வேலையில் ஒரே கட்டம் வானத்திலும் தண்ணீரிலும் ஓடும். ஸ்வஸ்திகா போன்ற, சீனத்தில் 'வான்' என்று ஒலிக்கும் குறி பின்னணியாக நிரம்பியிருந்தால் அது பத்தாயிரம், அதாவது எண்ணற்றது. அதன் மேல் வௌவாலும் ஆயுளைக் குறிக்கும் ஷோ எழுத்தும் இருந்தால் 'எண்ணற்ற பாக்கியமும் ஆயுளும்' என்று ஒரு முழு வாக்கியமே அமைந்துவிடும்.

ஒன்றை நெருங்கிப் பார்ப்போம். பேரிக்காய் வடிவ ஜாடி. வயிற்றில் பீச் கிளை ஒன்று அடியிலிருந்து மேலே வளைந்து ஏறுகிறது. பழத்தின் பிளவுக்கோடு ஒரே வெட்டில் இறங்கியிருக்கிறது. இலையின் ஓரம் பின்னணியிலிருந்து தூக்கி நிற்கிறது, அடியில் நிழல் விழுகிறது. நரம்புகள் தனித்தனி. கிளைக்கு மேல் வௌவால்கள். ஒன்றின் சிறகு மடங்கியிருக்கிறது, அடுத்தது முழுக்க விரித்திருக்கிறது. கழுத்தில் செங்கோல் தலை போன்ற ரூயி வரிசை, அது 'நினைத்தபடி நடக்கட்டும்'. இந்த ஜாடி யாரோ ஒரு பெரியவரின் பிறந்தநாளுக்குச் செய்யப்பட்டது என்று முத்திரையைத் திருப்பிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். வடிவம், கிளை, வௌவால், கழுத்து வரிசை நான்கும் ஒரே வாழ்த்தைச் சொல்கின்றன. இப்படி ஒத்துப்போகும் ஜாடிக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு பொறிகள். வௌவால்கள் எல்லாம் ஒரே அச்சாக, ஒரே சிறகு வளைவோடு இருந்தால் அது செதுக்கியதல்ல, அச்சில் வார்த்தது. இரண்டாவது, டிராகனின் நகங்கள். ஐந்து நகம் என்றால் அரண்மனைப் பொருள் என்று கடைக்காரர் விலையை ஏற்றுவார். ஐந்து நகத்தைப் பின்னாளில் யார் வேண்டுமானாலும் செதுக்கியிருக்கிறார்கள். மாறாக, உண்மையான அரண்மனைப் பொருளிலேயே ஒரு நகம் சுரண்டி எடுக்கப்பட்டிருக்கலாம். லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள, மிங் பேரரசர் சுவான்டே காலத்து அரக்கு மேசையின் டிராகன்களை உற்றுப் பாருங்கள், ஐந்தாவது நகம் நீக்கப்பட்ட இடம் தெரியும். நகத்தை மட்டும் எண்ணி முடிவெடுக்காதீர்கள்.

வாங்கும் முன் நல்ல பொருள்களை நேரில் பார்ப்பது எந்தப் புத்தகத்தையும்விட உதவும். பெய்ஜிங், தைபே அரண்மனை அருங்காட்சியகங்களில் இவை அதிகம்.

3. உடம்பைப் பாருங்கள்

பத்து மடங்கு பூதக்கண்ணாடி, சின்ன டார்ச், ஒரு புற ஊதா விளக்கு போதும். மூன்றும் சேர்த்தாலும் பெரிய செலவில்லை.

டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து வெட்டின் சுவரைப் பாருங்கள். உண்மையான அரக்கில் மெல்லிய அடுக்குகள் வரிவரியாகத் தெரிய வாய்ப்புண்டு. செயற்கைப் பிசினில் வார்த்த போலியில் சுவர் வழவழவென்று ஒரே பொருளாக இருக்கும், ஓரங்கள் மழுங்கியிருக்கும், சில நேரம் அச்சு இணையும் கோடும் தெரியும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லும் யோசனை பரவலாக இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், நல்ல பொருளையே கெடுத்துவிடும்.

உள்ளே எட்டிப் பாருங்கள். உட்புறமும் அடியும் நீல எனாமலாக, வாய் விளிம்பு பித்தளையாக இருந்தால் அது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் ஏற்றுமதிக்காகப் பெய்ஜிங்கில் செய்தது. மோசமான பொருள் அல்ல. சின்னங்களைக் கற்க அருமையான தொடக்கம். ஆனால் 18ஆம் நூற்றாண்டு விலை கொடுக்கக் கூடாது.

மர உடம்பில் வெடிப்பு இயல்பு. வெடிப்பே இல்லாத பழைய மர ஜாடி என்றால் ஏன் என்று கேளுங்கள். பழுதுபார்த்த இடங்கள் புற ஊதா ஒளியில் பெரும்பாலும் வேறு நிறமாக மினுங்கும். பூவிதழ் நுனி, டிராகன் மீசை, வாய் விளிம்பு மூன்றையும் கண்டிப்பாகப் பாருங்கள், முதலில் உடைவது அவைதான்.

4. முத்திரையைக் கடைசியில் பாருங்கள்

முத்திரை என்பது எந்தப் பேரரசர் காலத்தில் செய்தது என்று அடியில் பொறிக்கும் எழுத்து. சுவான்டேக்கு முந்தைய மிங் பேரரசரான யோங்லே காலத்து முத்திரை ஆறு எழுத்து, ஒரே செங்குத்து வரி, ஊசியால் கீறியது போல மெலிதாக இருக்கும். சுவான்டே முத்திரை கத்தியால் வெட்டிப் பொன் நிரப்பியது. சில பொருள்களில் யோங்லே முத்திரையின் மேலேயே சுவான்டே முத்திரை வெட்டப்பட்டிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு சிங் பேரரசர் சியான்லோங்கின் முத்திரை அவருக்குப் பின் எல்லாக் காலத்திலும் போடப்பட்டிருக்கிறது. முந்தைய பேரரசருக்கு மரியாதையாகப் போட்டதும் உண்டு, ஏமாற்றப் போட்டதும் உண்டு.

ஏலப் பட்டியலின் சொற்களை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். 'சியான்லோங் மார்க் அண்டு பீரியட்' என்றால் முத்திரையும் காலமும் சியான்லோங் என்று நிறுவனம் பொறுப்பேற்கிறது. வெறும் 'சியான்லோங் மார்க்' என்றால் முத்திரை இருக்கிறது, அவ்வளவுதான். விலையில் பல மடங்கு வித்தியாசம் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

5. காகிதங்கள்

குறைந்தது இவ்வளவு வேண்டும்: பொருளின் விவரம், அளவு, மதிப்பிடப்பட்ட காலம் எழுதிய இன்வாய்ஸ், வெடிப்பும் பழுதும் எங்கே என்று சொல்லும் நிலை அறிக்கை, முன்பு யாரிடம் இருந்தது என்பதற்கான பழைய ரசீது, பழைய ஏலப் பட்டியல் அல்லது தேதி போட்ட புகைப்படம். இன்வாய்ஸில் 'அலங்காரப் பொருள்' என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். நூறு ஆண்டைத் தாண்டிய பொருள் என்றால் அப்படியே எழுதச் சொல்லுங்கள், பல நாடுகளில் வரி அதை வைத்துத்தான் மாறும்.

சீனப் பெருநிலத்தில் வாங்குவதானால் கவனம். 1911 வரை செய்த பண்பாட்டுப் பொருள்களை வெளியே கொண்டுபோகவே முடியாது. 2007 முதல் இதுதான் அளவுகோல். 1911க்கும் 1949க்கும் இடைப்பட்டதில் கலை மதிப்பு உள்ளவையும் பெரும்பாலும் தடுக்கப்படும். மற்றவற்றை அரசின் பண்பாட்டுப் பொருள் சோதனை அலுவலகத்தில் காட்டி அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பித்த நாளிலிருந்து 15 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. அனுமதி கிடைத்தால் சான்றிதழும் பொருளின் மேல் சிவப்பு மெழுகு முத்திரையும் தருவார்கள். கடைக்காரர் "நான் ஹாங்காங் வரை கொண்டு வந்து தந்துவிடுகிறேன்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெருநிலத்திலிருந்து ஹாங்காங் போவதும் சட்டப்படி வெளியேற்றம்தான், மாட்டினால் பொருளும் போகும், வழக்கும் வரும்.

ஏற்கெனவே வெளிநாட்டில் இருக்கும் பொருளை ஹாங்காங்கிலோ லண்டனிலோ வாங்குவதுதான் புதியவருக்குப் பாதுகாப்பு. பழைய கைமாற்றக் காகிதம் இருந்தால் இன்னும் நிம்மதி.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு பொறி. ஒரு கடையில் எனக்குத் தெர்மோலுமினசென்ஸ் சான்றிதழ் ஒன்றைப் பெருமையாகக் காட்டினார்கள். அந்தச் சோதனை சுட்ட மண்ணின் வயதைச் சொல்வது. மரத்தின் மேல் பூசிய அரக்கைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அரக்குக்கு வேண்டியது வேறு: உள்ளே மரமா உலோகமா என்று காட்டும் எக்ஸ்ரே, நிறத்தில் பாதரசம் இருக்கிறதா என்று காட்டும் எக்ஸ்ஆர்எஃப், மரத்துக்குக் கார்பன் சோதனை. அரக்கு மரப்பால்தானா, நவீன பிசினா என்பதை, சூட்டில் சிதைத்துப் பார்க்கும் பைரோலிசிஸ் முறை ஆய்வு சொல்லிவிடும், ஆனால் அதற்கு ஒரு துணுக்கு எடுக்க வேண்டும். விலை பெரிதாக இருந்தால் மட்டும் இந்தச் செலவு நியாயம்.

தந்தம் பதித்த ஜாடியை முதல் வாங்கலில் தவிர்த்துவிடுங்கள், எல்லை தாண்டும்போது தனித் தலைவலி. ஜாடியின் கீழ் வரும் மரப் பீடத்தையும் கேளுங்கள். பழைய சீனப் பீடங்களில் உயர்வாகச் சொல்லப்படும் ஜிடான் என்பது நம் கிழக்குத் தொடர்ச்சி மலைச் செம்மரம்தான் என்று பரவலாகக் கருதப்படுகிறது. இந்தியாவுக்குக் கொண்டு வருவதானால் பீடத்தை இன்வாய்ஸில் தனி வரியாக, மரத்தின் பெயரோடு எழுதி வாங்குங்கள்.

இந்தியாவுக்குக் கொண்டு வருபவர்கள் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு என்ற வயதை வைத்து ஓடுகிறது, தனியார் அத்தகைய பொருளை ஏற்றுமதி செய்ய முடியாது. பின்னாளில் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், உள்ளே கொண்டு வரும் முன்பே தொல்லியல் துறையிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இறக்குமதிக் காகிதங்களை எறியவே கூடாது.

6. செலவுக் கணக்கு

ஏலத்தில் சுத்தியல் விழும் விலை உங்கள் விலை அல்ல. அதன் மேல் வாங்குபவர் கமிஷன் வரும், பெரிய நிறுவனங்களில் கால் பங்கை ஒட்டியோ சற்று மேலோ. ஹாங்காங்கில் விற்பனை வரி கிடையாது. ஆனால் நீங்கள் கொண்டு போகும் நாட்டில் உண்டு. பிரிட்டனில் நூறு ஆண்டைத் தாண்டிய பொருளுக்கு இறக்குமதி வாட் 5 விழுக்காடு. சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 9 விழுக்காடு, பொருளின் விலையோடு கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்த்து.

ஒரு மாதிரிக் கணக்கு: சுத்தியல் விலை 20,000 ஹாங்காங் டாலர். கமிஷன் 26 விழுக்காடு என்றால் 5,200. பொதி, விமானக் கூலி, இன்சூரன்ஸ் 3,000 என்று வையுங்கள். மொத்தம் 28,200. சிங்கப்பூர் ஜிஎஸ்டி 2,538. கையைவிட்டுப் போவது 30,738. அதாவது சுத்தியல் விலையைப் போல ஒன்றரை மடங்கு. கை தூக்கும் முன் உங்கள் உச்ச விலையை இந்தக் கணக்கிலிருந்து பின்னோக்கிப் போட்டு, காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவுக்கான வரி விகிதங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. சுங்க முகவரிடம், நூறு ஆண்டைத் தாண்டிய பழம்பொருள்களுக்கான 9706 என்ற சுங்கத் தலைப்பின் கீழ் அன்றைய விகிதத்தை எழுத்தில் வாங்குங்கள், வாய்மொழியை நம்ப வேண்டாம்.

விலை எவ்வளவு என்று எல்லாரும் கேட்பார்கள். 20ஆம் நூற்றாண்டு ஏற்றுமதி ஜாடி சில நூறு அமெரிக்க டாலருக்குள் கிடைக்கும். நல்ல சிங் காலத்து வேலை ஆயிரக்கணக்கில். அரண்மனைத் தரம் என்றால் பல்லாயிரம், அதற்கும் மேலே. நடுவில் ஒரு விலையில் 'அரண்மனைப் பொருள்' கிடைக்கிறது என்றால் நம்பாதீர்கள்.

7. எப்போது வாங்குவது

ஹாங்காங்கின் பெரிய ஏலங்கள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும். லண்டனில் ஆசியக் கலை ஏலங்கள் நவம்பரை ஒட்டிக் கூடும். பட்டியல் வெளிவந்த உடனே நிலை அறிக்கை கேட்டுவிடுங்கள். விற்பனைக்கு முந்தைய நாள் கேட்டால் அரைகுறைப் பதில்தான் வரும். ஏலத்துக்கு முன் சில நாள் பார்வைக்கு வைப்பார்கள். முதல் நாள் காலையில் போனால் ஜாடியைக் கையில் எடுத்து நிதானமாகப் பார்க்கலாம்.

ஏலம் முடிந்தபின் பணம் கட்டக் கெடு குறைவு, எடுத்துப் போகத் தாமதித்தால் கிடங்கு வாடகை ஏறும். விதிமுறைகளில் இந்த இரண்டு தேதிகளையும் முன்பே தேடி வையுங்கள். கூரியர் ஏற்பாட்டை ஏலத்துக்கு முன்பே பேசி முடித்திருந்தால் இந்த நெருக்கடியே வராது.

8. கொண்டு வருவது, வைப்பது

செதுக்கலின் மேல் குமிழித்தாளை நேரடியாகச் சுற்ற விடாதீர்கள், நுனிகள் சிக்கி உடையும். முதலில் அமிலமில்லாத மெல்லிய காகிதம், பிறகு ஜாடியின் வடிவத்துக்கு வெட்டிய நுரை, அதற்கு மேல் இரட்டைப் பெட்டி. ஜாடியை விற்பவரின் இடத்திலிருந்து எடுக்கும் நேரம் முதல் உங்கள் வீட்டு மேசை வரை இன்சூரன்ஸ் இருக்க வேண்டும், விமானப் பயணத்துக்கு மட்டும் இருந்தால் போதாது.

வீட்டில் வெயில் படும் ஜன்னல் வேண்டாம். புற ஊதாக் கதிர் பட்டால் அரக்கு மங்கும், பிறகு தண்ணீரையும் தாங்காது. ஏசி காற்று நேராகப் படும் இடமும் வேண்டாம். ஈரப்பதம் 50 முதல் 60 விழுக்காட்டில், ஏறி இறங்காமல் இருப்பதுதான் முக்கியம். பகலில் ஏசி, இரவில் திறந்த ஜன்னல் என்று மாறினால் மரம் அசையும், அரக்கு வெடிக்கும். தூசிக்கு மென்மையான ஓவியத் தூரிகை. ஈரத்துணி, எண்ணெய், மெழுகு எதுவும் கூடாது. உள்ளே தண்ணீர் ஊற்றிப் பூ வைக்காதீர்கள்.

பெட்டி வந்ததும் உடனே பிரிக்காதீர்கள். விமானத்தின் குளிர், உலர்வு இரண்டிலிருந்தும் வந்த பொருள். ஒரு நாள் அறையில் அப்படியே இருக்கட்டும். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். நிலை அறிக்கையின் படங்களைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வெடிப்பின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். புதிதாக ஏதாவது இருந்தால் உதிர்ந்த துணுக்குகளை ஒரு சிறு டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, அன்றைக்கே இன்சூரன்ஸுக்கு எழுதுங்கள். புகார் கெடு பாலிசியில் சில நாள்தான் இருக்கும்.